பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய்: நீலகிரியில் கட்டுப்படியாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சி நிர்வாகிகளும் விடுதி நடத்துபவர்களும், மலையில் ஒரு சிறுதொழில் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கீழே வரும் ரூபாய்க் கணக்கு ஒரு மாதிரிக் கணக்குதான். எண்களை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறையை மாற்ற வேண்டாம்.

ஒரு கிலோ பிளாஸ்டிக் போட்டால் ஒரு லிட்டர் எண்ணெய் வருமா?

இயந்திரம் விற்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். பைராலிசிஸ் எண்ணெயின் (காற்றில்லாமல் சூடேற்றி உடைத்து எடுக்கும் எண்ணெய்) அடர்த்தி 0.8 பக்கம் இருக்கும், அதாவது ஒரு லிட்டர் 800 கிராம். அப்படியானால் அவர்கள் சொல்வது 80 சதவீத விளைச்சல். கழுவிக் காயவைத்த பாலித்தீனையும் பாலிப்ரொப்பிலீனையும் மட்டும் போட்டு, நல்ல வினையூக்கியும் வைத்தால் அதை நெருங்கலாம். டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் அரசு எரிவாயு நிறுவனமான கெயிலுடன் சேர்ந்து 2019இல் தொடங்கிய ஆலைக்குச் சொல்லப்பட்ட கணக்கே ஒரு டன்னுக்கு 800 லிட்டர் டீசல்தான். எடையில் அது சுமார் 64 சதவீதம்.

நம் ஊர் மார்க்கெட்டிலிருந்து வரும் வண்டியில் மண், ஈரம், சாப்பாட்டு மிச்சம் எல்லாம் சேர்ந்தே வரும். கிடங்கு வாசலில் எடைபோட்ட 1,000 கிலோவுக்கு 450 கிலோ எண்ணெய் வந்தால் நல்ல நிர்வாகம் என்று சொல்லலாம்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

காற்றுப் புகாத கலனில் 350 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் பிளாஸ்டிக்கின் நீண்ட கார்பன் சங்கிலி துண்டுதுண்டாக உடைந்து ஆவியாகிறது. அந்த ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய். குளிர்ந்தும் திரவமாகாதது வாயு. அதைத் திரும்ப அடுப்புக்கே கொடுத்து எரிக்கலாம். அடியில் தங்குவது கரி. ஆக்சிஜன் இல்லாததால் உள்ளே எதுவும் எரிவதில்லை. காற்று கசிந்து உள்ளே போனால் எரியும், அல்லது வெடிக்கும்.

எந்த பிளாஸ்டிக்கைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

போடக்கூடியவை: பால் கவர், மளிகைக் கவர், உரச் சாக்கு, சிப்ஸ் பாக்கெட், கிழிந்த பாலிஹவுஸ் ஷீட், நாற்றுப் பை. இவை எல்லாம் பாலித்தீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் குடும்பம். சிப்ஸ் பாக்கெட்டின் உள்ளே பளபளக்கும் அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, கரியோடு போய்விடும். நாற்றுப் பையில் மட்டும் கவனம் தேவை. பையை விட உள்ளே ஒட்டிய மண் கனமாக இருக்கும். அந்த மண் கலனின் அடியில் படிந்து வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கும். வெளித்தகடு ஓரிடத்தில் மட்டும் பழுத்துச் சிவந்து, புடைத்து, பிறகு வெடிப்பு விடும். சிறிய ஆலைகளில் கலன் சீக்கிரம் கெட்டுப்போக இதுவே பெரிய காரணம்.

போடக்கூடாதவற்றில் முதலாவது பி.வி.சி. பிளெக்ஸ் பேனர், ரெக்ஸின், ஒயர் உறை, மாத்திரை அட்டை, தண்ணீர்க் குழாய் எல்லாம் இதில் வரும். மலையில் இன்னும் இரண்டு சேரும்: தோட்டத்தில் போடும் கம்பூட், கனமான மழைக்கோட்டு. பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். சூடேறும்போது அது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாக வெளியேறும். 1,000 கிலோ சரக்கில் ஒரு சதவீதம், அதாவது 10 கிலோ பி.வி.சி. கலந்துவிட்டால் ஏறக்குறைய 5.8 கிலோ அமிலம் வரும். அதை முறிக்கக் கணக்குப்படியே 6 கிலோ சுண்ணாம்பு வேண்டும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகப் போடவேண்டியிருக்கும். முறிக்காமல் விட்டால் முதலில் போவது, ஆவியைக் குளிரவைத்து எண்ணெயாக்கும் கண்டென்சரின் குழாய். எண்ணெயிலும் குளோரின் இருக்கும், வாங்குபவர் பாய்லரும் அரிக்கும். அவர் அடுத்த லோடு கேட்கமாட்டார்.

இரண்டாவது பெட். தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில். இதில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன், எண்ணெய் அதிகம் தராது. டெரெஃப்தாலிக், பென்சாயிக் அமிலங்கள் வெள்ளைத் தூளாகக் குழாயில் படிந்து அடைத்துவிடும். நைலானும் வேண்டாம், நைட்ரஜன் சேர்ந்த நச்சு வாயுக்கள் வரும்.

பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, எப்படிப் பிரிப்பது?

ஒரு டிரம் தண்ணீரில் துண்டைப் போட்டு அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் மேலே வரும். பி.வி.சி.யும் பெட்டும் மூழ்கும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மூழ்கவேண்டியதும் மிதக்கும். அதனால்தான் அமுக்கிப் பார்க்கச் சொல்கிறோம்.

சந்தேகம் தீராவிட்டால் செம்புக் கம்பி. ஒரு சாண் நீளக் கம்பியின் நுனியை நெருப்பில் காட்டி, பச்சை நிறம் வராத வரை சுட்டுச் சுத்தப்படுத்துங்கள். சூடான நுனியால் பிளாஸ்டிக்கைத் தொட்டால் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். திரும்ப நெருப்பில் காட்டும்போது சுடர் பளிச்சென்று பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது. திறந்த வெளியில், காற்று அடிக்கும் பக்கம் முதுகு காட்டி நின்று செய்யவேண்டிய வேலை இது. பிரிக்கும் பெண்களுக்கு இரண்டு வாரப் பழக்கம் ஆனால் கம்பியே தேவைப்படாது. கசக்கும்போது எழும் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

நாளொன்றுக்கு ஒரு டன் ஆலை போட்டால் வரவு செலவு எப்படி?

வாசலில் வருவது 1,000 கிலோ. ஈரம் 120 கிலோ. மண்ணும், ஆகாத பிளாஸ்டிக்கும் 130 கிலோ. கலனுக்குள் போவது 750 கிலோ. அதில் 60 சதவீதம் எண்ணெய், 450 கிலோ. வாயு 165, கரி 135.

எண்ணெய் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் வரவு 18,000.

செலவு: பிரிப்பவர் ஆறு பேருக்கு 600 வீதம் 3,600. ஆலை ஓட்டுபவர் நால்வருக்கு 800 வீதம் 3,200. மின்சாரம் 1,100. அடுப்பு பற்றவைக்க விறகு 1,500. கரியையும் கழிவையும் அப்புறப்படுத்த, 265 கிலோவுக்கு கிலோ 5 ரூபாய் வீதம், 1,325. சுண்ணாம்பு, தண்ணீர், பேரல் 600. எண்ணெயைக் கீழே இறக்க 900. பழுது பார்க்க 1,500. மொத்தம் 13,725. கையில் நிற்பது 4,275.

இதோடு கணக்கை மூடிவிட்டு லாபம் என்று திட்ட அறிக்கை எழுதுகிறார்கள். முதலீடு எங்கே? ஷெட், பிளாஸ்டிக்கைத் துண்டாக்கும் ஷ்ரெடர், கலன், புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர், தீயணைப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கோடி என்று வைப்போம். 11 சதவீத வட்டி வருடத்துக்கு 16.5 லட்சம். எட்டு வருடத் தேய்மானம் 18.75 லட்சம். இரண்டும் சேர்ந்து 35.25 லட்சம். வருடத்தில் 220 நாள் ஓடினால், ஓடும் ஒவ்வொரு நாளும் சுமார் 16,000 ரூபாய். 4,275 போக, நாளொன்றுக்கு 11,750 ரூபாய் துண்டு விழுகிறது. வாசலில் வந்த எடைக்குப் பார்த்தால் கிலோவுக்குப் பதினொன்றே முக்கால் ரூபாய்.

குப்பை கொடுப்பவர், அது ஊராட்சியோ நகராட்சியோ விடுதியோ, அந்தத் தொகையை ஆலைக்குக் கொடுத்தால்தான் அது நிற்கும். இந்தக் கணக்கில் பிளாஸ்டிக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எதை மாற்றினால் கணக்கு தேறும்?

எண்ணெய் விலை கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் நாளுக்கு 4,500 கூடும். அது நம் கையில் இல்லை, கச்சா எண்ணெய் விலையோடு ஏறும், அதோடு இறங்கும்.

ஓடும் நாள் 220இலிருந்து 300 ஆனால் முதலீட்டுச் சுமை நாளுக்கு 16,000இலிருந்து 11,750ஆகக் குறையும். இது நம் கையில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக நடந்தால் துண்டு விழுவது கிலோவுக்கு 3 ரூபாய்க்கு வந்துவிடும். ஆலையை நிறுத்துவது பெரும்பாலும் சரக்குத் தட்டுப்பாடு அல்ல. அடைத்த குழாய், வெடித்த தகடு, வராத மின்சாரம், காயாத பேல் (அமுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பொதி).

நல்ல பிளாஸ்டிக்கை மட்டும் வாங்கிப் போட்டால்?

சுத்தமான பால் கவரையும் எச்.டி.பி.இ. எனும் கெட்டிப் பாலித்தீன் கேனையும் பழைய பொருள் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துப் போகிறார். உருக்கித் திரும்ப மணியாக்கினால் அதற்கு எண்ணெயை விட அதிக விலை. எந்தச் சரக்கில் எண்ணெய் நன்றாக வருமோ அந்தச் சரக்குக்கு எண்ணெய் ஆலையால் போட்டி விலை கொடுக்க முடியாது. கடைக்காரர் தொடாத சரக்குதான் ஆலைக்கு வரும்: அழுக்கான கவர், பல அடுக்கு உறை, நைந்த பாலிஹவுஸ் ஷீட். ஆகவே இதை எண்ணெய்த் தொழில் என்று பார்க்காமல், கூலி வாங்கிக் கழிவை அகற்றும் தொழில் என்று பாருங்கள். எண்ணெய் கூலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

மலையில் வைப்பதற்கும் கீழே வைப்பதற்கும் என்ன வித்தியாசம்?

மூன்று வித்தியாசம்: குளிர், மழை, உயரம்.

பாலித்தீன் எண்ணெயில் மெழுகு அதிகம். சமவெளியில் திரவமாக இருப்பது ஊட்டியின் டிசம்பர் இரவில் நெய்போல உறைந்துவிடும். தொட்டியில் உறைந்தால் விடிந்ததும் சூடேற்றிக்கொள்ளலாம். கண்டென்சருக்குள் உறைந்தால்தான் ஆபத்து. ஆவி போக வழியில்லாமல் கலனில் அழுத்தம் ஏறும், கேஸ்கெட் வழியே கசியும், சூடான ஆவி வெளிக்காற்றைத் தொட்டுத் தீப்பிடிக்கும். குளிர்ந்த தண்ணீர் இருக்கிறதே என்று மூன்று கண்டென்சருக்கும் அதையே விடுவது மலையில் அடிக்கடி நடக்கும் தவறு. முதல் கண்டென்சருக்கு 60 முதல் 70 டிகிரி வெந்நீர் சுற்றவேண்டும். மெழுகு அங்கேயே திரவமாக இறங்கித் தனித் தொட்டிக்குப் போய்விடும். குளிர்ந்த தண்ணீர் அதற்குப் பிறகுதான். கண்டென்சருக்கு முன்னால் ஒரு நீர் மானோமீட்டர், அதாவது தண்ணீர் மட்டத்தால் அழுத்தம் காட்டும் குழாய், கட்டாயம். அதில் மட்டம் மெல்ல ஏறத் தொடங்கினாலே அடைப்பு ஆரம்பித்துவிட்டது என்று அடுப்பைக் குறைக்கவேண்டும்.

மழை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. திறந்த வெளியில் எதுவும் காயாது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2.6 மெகாஜூல் வேண்டும். சாதாரண அடுப்பில் 120 கிலோ ஈரத்துக்கே 50 கிலோ விறகு கூடுதலாக எரியும். விறகுச் செலவைவிடப் பெரிய நட்டம் வேறு: ஈரம் 25 சதவீதமானால் அதே 1,000 கிலோ பேலில் கலனுக்குள் போவது சுமார் 620 கிலோவாகக் குறைந்து, நாளுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் எண்ணெய் வரவு போகும். கூரை போட்ட காயவைக்கும் இடம் இல்லாமல் ஆலைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

உயரம். ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கோவையில் சோதித்த புளோயர் (அடுப்புக்குக் காற்று ஊதும் விசிறி) இங்கே அதே வேகத்தில் சுற்றும், ஆனால் தள்ளும் காற்றின் எடை குறைவு, அடுப்பு புகையும். ஜெனரேட்டரின் திறனும் அதே போலக் குறையும். புளோயரை ஒரு அளவு பெரியதாகக் கேளுங்கள்.

எண்ணெயை யார் வாங்குவார்கள்? டீ ஃபேக்டரிக்குக் கொடுக்கலாமா?

பக்கத்திலேயே இத்தனை ஃபேக்டரி இருக்கும்போது தோன்றக்கூடிய யோசனைதான். ஆனால் தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். பைராலிசிஸ் எண்ணெயின் காட்டமான நெடி டிரையர் பக்கம் கசிந்தால் ஏலத்தில் அந்த லாட்டுக்கு என்ன ஆகும் என்று எந்த மேனேஜருக்கும் தெரியும். தவிர, அவர்கள் அடுப்பு விறகுக்காகக் கட்டியது. உண்மையில் வாங்குபவர்கள் தார் கலக்கும் ஹாட்மிக்ஸ் பிளான்ட், எண்ணெய் எரிக்கும் பாய்லர், உலை வைத்திருப்பவர்கள். பெரும்பாலும் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே.

எண்ணெயை நாள்கணக்கில் சேர்த்து வைக்கவும் முடியாது. அதில் நிறைவுறாத ஹைட்ரோகார்பன்கள் அதிகம். வைக்க வைக்கக் கறுத்து, அடியில் பிசின் கட்டும்.

வண்டியில் ஊற்றலாமா?

கூடாது. இப்போதைய மாசு விதியான பி.எஸ். 6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) இருக்கவேண்டும், எளிதில் பற்றும் தன்மையைக் காட்டும் சீட்டேன் எண் குறைந்தது 51. சுத்திகரிக்காத எண்ணெயில் பெட்ரோல் போன்ற லேசான பகுதியும் மெழுகும் சேர்ந்தே இருக்கும். இன்ஜெக்டர் அடைக்கும். டீசலில் கலந்து விற்பது அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் குற்றம்.

என்னென்ன அனுமதி வேண்டும்?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இரண்டு இசைவுகள்: நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இன் கீழ்ப் பதிவு. மலைப்பகுதி கிராமங்களில் கட்டுமானத்துக்கு ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல். பலர் மறந்துவிடுவது பெட்ரோலியச் சட்டம் 1934. எண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழே இருந்தால் அது 'ஏ' வகுப்பு, விற்பனைக்கு வைத்தால் உரிமம் இல்லாமல் முடியாது. 23 முதல் 65க்குள் இருந்தால் 'பி' வகுப்பு. ஒரே கலனில் 1,000 லிட்டருக்கு மேல் போகாமல் மொத்தம் 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைக்கலாம். லேசான பகுதியைப் பிரிக்காத எண்ணெய் பெரும்பாலும் 'ஏ'யில்தான் விழும். மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இடத்துக்கான அனுமதியைப் பாருங்கள். மலையில் பல திட்டங்கள் நிற்பது அங்கேதான்.

எண்ணெய் இல்லாமல் வேறு வழி?

இரண்டு உண்டு. ஒன்று, பேல் கட்டி அரியலூர், டால்மியாபுரம் பக்கச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புவது. அங்கே சிமென்ட்டின் மூலக்கட்டியான கிளிங்கர் வேகும் வெப்பம் 1,450 டிகிரி. சாம்பலும் சிமென்ட்டிலேயே சேர்ந்துவிடும். பேல் கட்டவும் லாரிக்கும் சேர்த்துக் கிலோவுக்கு 5, 6 ரூபாய் ஆனாலும் நாம் மேலே பார்த்த பதினொன்றே முக்காலில் பாதிதான். உதிரியாக அனுப்பினால் லாரி நிறையும், எடை ஏறாது. பேலிங் மெஷின்தான் மலைக்கு முதலில் வேண்டிய இயந்திரம் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்று சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கொண்டுவந்த முறை. 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். 160, 170 டிகிரிக்குச் சூடேறிய ஜல்லியில் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் பூச்சாகப் படியும், பிறகு தார். ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் செல்லும். இதிலும் பி.வி.சி. கூடாது. சாலை வேலை மழை விட்ட மாதங்களில் மட்டும் நடக்கும் என்பதால் வருடம் முழுக்க வரும் சரக்குக்கு இது மட்டும் போதாது.

எண்ணெய்தான் வேண்டும் என்றால் ஆலையைச் சமவெளியில், பல ஊர்கள் சேர்ந்து, ஐந்து டன்னுக்கு மேல் போடுங்கள். இறக்கத்தில் போகும் பேல் லாரிக்கு டீசல் குறைவு. குன்னூர் மலைப்பாதையின் பர்லியாறு ஏற்றத்தில் இயந்திரத்தையும் சுண்ணாம்பையும் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு வரும் செலவும் மிச்சம்.

உற்பத்தியாளர் பொறுப்புச் சான்றிதழில் வருமானம் வருமே?

வரும். 2022 பிப்ரவரி வழிகாட்டுதலின்படி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிந்த ஆலை, தான் கையாண்ட பேக்கேஜிங் பிளாஸ்டிக்குக்குச் சான்றிதழ் தரலாம். தங்கள் பேக்கேஜிங் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டிய பிராண்டுகள் காசு கொடுத்து வாங்கும். விலை சந்தையைப் பொறுத்தது. அதை மேல்வரும்படியாக வையுங்கள், வங்கிக் கடன் தவணையை அதை நம்பிப் போடாதீர்கள்.

யூடியூபில் ஒரு டிரம்மும் நாலு குழாயும் வைத்தே எடுக்கிறார்களே?

செய்யாதீர்கள். அந்த டிரம்முக்கு அழுத்தம் விடும் வால்வு கிடையாது, வாயு திரும்பி வராமல் தடுக்கும் நீர்ப்பூட்டு கிடையாது. அடுப்பு அணைந்து குளிரும்போது உள்ளே வெற்றிடமாகிக் காற்றை இழுக்கும். உள்ளே எரிவாயு, ஓரத்தில் இன்னும் தணியாத கரி. இதற்கு மேல் தீப்பெட்டி தேவையில்லை.

கரியை என்ன செய்வது? செங்கல் சூளைக்கு விற்கலாமா?

பரிசோதனை செய்யாமல் விற்கக்கூடாது. நிறமிகளில் இருந்த உலோகங்கள் எல்லாம் கரியில்தான் சேரும். அறிக்கை சரியாக வந்தால் சிமென்ட் ஆலை எடுக்கும். இல்லையென்றால் கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் உள்ள அபாயக் கழிவு நிலையத்துக்குக் காசு கட்டி அனுப்பவேண்டும். கலனைத் திறக்கும் நேரமும் முக்கியம். மாலையில் அடுப்பை நிறுத்திவிட்டு ராத்திரியே மூடியைத் திறந்தால் கரி காற்றுப் பட்டதும் கனன்றுவிடும். மறுநாள் காலை, வெளித்தகட்டில் கை வைக்க முடிகிற அளவு ஆறியபின், நைட்ரஜன் விட்டு வாயுவை வெளியேற்றிய பிறகே திறக்கவேண்டும். அந்த ஒரு ராத்திரியையும் சேர்த்துத்தான் ஒரு பேட்ச். ஒரே நாளில் இரண்டு பேட்ச் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

இயந்திரம் விற்பவர் டெமோ காட்டுகிறேன் என்கிறார். எதைப் பார்ப்பது?

அவர் வைத்திருக்கும் சரக்கில் டெமோ பார்க்காதீர்கள். உங்கள் கிடங்கிலிருந்து, மழை பெய்த வாரத்தில் கட்டிய இரண்டு பேலை எடுத்துப்போங்கள். தராசும் உங்களுடையதாக இருக்கட்டும். உள்ளே போன எடை, வந்த எண்ணெய், வந்த தண்ணீர், மறுநாள் எடுத்த கரி, இந்த நான்கையும் எழுதுங்கள். உள்ளே போனதிலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் மிச்சம் வாயு. அது கால் பங்கைத் தாண்டினால் கண்டென்சர் பற்றவில்லை, உங்கள் எண்ணெய் புகைக்கூண்டு வழியே எரிகிறது. எண்ணெயில் அரை லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் வாங்கிவந்து ஒரு ராத்திரி வாசல் திண்ணையில் வையுங்கள். காலையில் பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள், ஓடுகிறதா என்று.